நீலம் பாய்ந்த பூசணிக்காய்

வவுணதீவுப் பக்கம் ஒரு சாமி வந்து இறங்கியிருந்தார். வேப்பிலை இல்லை, உடுக்கு இல்லை. பெரிய டிவி ஒன்றுதான். நெஞ்சில் வெள்ளிக்கோலை வைத்தால் உள்ளே ஓடும் ரத்தம் டிவியில் தெரியுமாம். சிவப்பு ஓடினால் நல்ல ரத்தம், நீலம் ஓடினால் செய்வினை. ஸ்கேன் சாமி என்று சனம் பெயரே வைத்துவிட்டது. வாவிக்கு அந்தப் பக்கமிருந்தும் பாலம் கடந்து வந்தார்கள். மந்திரம் போட்டு ஆளைப் பாயோடு ஒட்டவைக்கிற ஊர் என்று பெயரெடுத்த நமக்கு, டிவியோடு ஒட்டவைக்கிற சாமி கிடைத்தால் சந்தோஷம் வராதா?

சாமி கெட்டிக்காரர். எங்கள் வயல் வட்டையில் வாய்க்கால் வற்றினால், மேல் வயல்காரன் மறித்துவிட்டான் என்றுதான் முதலில் நினைப்போம். அது அவருக்குத் தெரியும். நீலம் தெரிந்ததும் ஒரே கேள்விதான் கேட்பார், மேல் வயல் ஆருடையது என்று. பெயரைச் சொன்னால், அவன்தான் உன் ரத்தத்தையும் மறித்திருக்கிறான் என்பார். சனம் வாயைப் பிளக்கும். மேல் வயல் இல்லாத வயல் எங்கே இருக்கிறது என்று ஒருவரும் யோசிக்கவில்லை. செய்வினையை எடுக்கிற கழிப்புக்கு ஒரு நீத்துப்பூசணிக்காய், சாமிக்கு ஒரு மூடை நெல்.

சீனித்தம்பியும் போனார். உரமூடையோடு வரம்பில் நடந்தால் அவருக்கு நெஞ்சு இறுகும், நின்றால் விடும். ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் ஸ்கேனுக்கு ஆஸ்பத்திரியில் திகதி கொடுத்திருந்தார்கள். அந்த மிஷினுக்குக் கீழே படுத்தால் செய்வினைக் கட்டு இறுகி உயிர் போய்விடும் என்று சாமி சொல்லிவிட்டார். சீனித்தம்பி ஆஸ்பத்திரிக்குப் போகமாட்டேன் என்று ஒற்றைக் காலில் நின்றார். மேல் வயல்காரர் வினாயகமூர்த்தியோடு பேச்சையும் நிறுத்தினார். அவர் வேறு யாருமில்லை, சீனித்தம்பியின் மனைவி அன்னப்பூரணியின் கூடப்பிறந்த அண்ணன்.

அன்னப்பூரணிக்குப் பயம் பிடித்துக்கொண்டது. செய்வினைக்கு அல்ல, புருஷனுக்கு வியர்க்கிற வியர்வையைப் பார்த்து. அண்ணனையும் அவளுக்குத் தெரியும். வாய்க்காலையே ஒழுங்காக மறிக்கத் தெரியாத மனிதர் ரத்தத்தையா மறிப்பார்?

கழிப்பு நாளில் பூசணிக்காயோடு அவளும் போனாள். சீனித்தம்பி பாயில் படுத்தார். சாமி கோலை அவர் நெஞ்சில் வைத்துவிட்டு, முதுகைக் காட்டியபடி டிவிக்கு முன்னால் அமர்ந்தார். தெய்வம் டிவியில்தான் வருகிறதாம், அதற்கு முதுகு காட்டக் கூடாதாம். அன்னப்பூரணி சத்தமில்லாமல் கோலை எடுத்துப் பூசணிக்காயின் மேல் வைத்தாள்.

டிவியில் நீலம் குபுகுபுவென்று ஓடியது.

“பாத்தியா, நீலம் கூடுது. அடைப்பு முத்திட்டு” என்றார் சாமி.

கூட்டத்தில் முதலில் சிரித்தது யாரென்று தெரியவில்லை. சாமி திரும்பினார். அன்னப்பூரணி நிதானமாகத்தான் கேட்டாள்.

“சாமி, இந்தப் பூசணிக்காய்க்கு மேல் வயல் ஆருடையது?”

டிவிக்குப் பின்னால் கையை விட்டுப் பார்த்தார்கள். பென்டிரைவ் ஒன்று வந்தது. எங்கோ யாருக்கோ எடுத்த ஸ்கேன் படத்தை ஊருக்கே ஓட்டிக் காட்டியிருக்கிறார் மனிதர். அவருடைய நெஞ்சில் ஒரு அடைப்பும் இல்லை என்பது வேட்டியை மடித்துக்கொண்டு ஓடிய ஓட்டத்திலேயே தெரிந்தது.

திகதி தப்பவில்லை. வினாயகமூர்த்திதான் ஓட்டோ பிடித்து மச்சானையும் தங்கச்சியையும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். அங்கேயும் திரையில் நீலம் ஓடியது. சீனித்தம்பிக்கு முகம் வெளிறிவிட்டது.

டொக்டர் கம்சாயினி சிரித்தார். “சிவப்பு கருவிக்குக் கிட்ட வாற ரத்தம், நீலம் விலகிப் போறது. எனக்கு வச்சாலும் ரெண்டும் ஓடும், ஐயா.”

பிறகு மிஷினில் நடக்கவைத்து மறுபடியும் பார்த்தார். இதயத்தின் ஒரு பக்கம் சோம்பலாக அடிக்கிறது, அங்கே ரத்தம் போதவில்லை, ஆனால் ஆரம்பம்தான், வேளைக்கே வந்ததால் சமாளிக்கலாம் என்றார். அன்னப்பூரணி அழுதே விட்டாள். சீனித்தம்பி மச்சானை ஒருதரம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“அப்ப, அடைச்சது ஆரு, டொக்டர்?”

கதிரையில் தொங்கிய அவருடைய சட்டைப் பையிலிருந்து பீடிக்கட்டு எட்டிப் பார்த்தது. டொக்டர் அதைப் பார்த்தார்.

“ஒரு நாளைக்கு எத்தினை குடிப்பீங்க?”

எதிரியை மேல் வயலில் தேடும் என் அருமை ஊராரே, முதலில் சட்டைப் பையைத் தடவிப் பாருங்கள். கை இன்னும் கொஞ்சம் மேலே போனால் தலை ஒன்று இருக்கும். அதையும் பாவித்துப் பாருங்கள், தேயாது.