புயலுக்கு அஞ்சாத வீட்டில் ஒரு மதியச் சாப்பாடு

கடலோர ஊர்க்காரனுக்குத் தண்ணீரைப் பற்றி எல்லாம் தெரியும் என்று யாராவது நம்பினால் நான் மறுப்பதில்லை. சும்மா கிடைக்கிற மரியாதையை எதற்கு விட வேண்டும்? அந்தப் புத்திதான் பூனாவில் என் மானத்தை வாங்கியது. (படகில் கால் வைத்தாலே எனக்கு வாந்தி வரும். நாகப்பட்டினத்தில் இது என் உம்மாவுக்கு மட்டும் தெரியும்.)

ஐம்பதுகளின் கடைசி. கேம்ப் பகுதியில் மாமா நடத்திய இரும்புச் சாமான் கடையில் வேலைக்கு இருந்தேன். அவர் மகள் ஜமீலாவை எனக்குக் கொடுப்பதாகப் பேச்சு. பேச்சு மட்டும்தான்.

அப்போது ஒரு கொங்கணத்து காண்ட்ராக்டர் சாகேப் பண்ட் கார்டன் பக்கம் ஆற்றங்கரையில் வீடு கட்டியிருந்தார். ஊரில் அவருடைய பழைய வீட்டுக் கூரையைப் புயல் தூக்கிப் போனதிலிருந்து அவருக்குக் காற்று என்றாலே நடுக்கம். பூனாவில் ஏது புயல்? சொன்னால் கேட்கிற ஆளில்லை. முழ அகலத்துக்குச் சுவர், கனத்த தேக்கு ஜன்னல்கள், வீட்டுக்கென்று தனிப் படித்துறை, அதில் சொந்தப் படகு. மாதிரிக்கு ஒரு ஜன்னலில் எங்கள் கடைத் தாழ்ப்பாளைப் பொருத்தியிருந்தோம். பிடித்தால் இருபது ஜன்னலுக்கும் ஆர்டர்.

சாகேப் எங்களைச் சாப்பிட அழைத்திருந்த அன்று காலை மாமா சொன்னார்: "இந்த ஆர்டர் கைவிட்டுப் போச்சுன்னா நீ ஊருக்கு ரயிலேறிடு. ஜமீலாவுக்கு வேற எடம் பார்த்துக்கிறேன்."

வீட்டைச் சுற்றிக் காட்டிவிட்டுப் படித்துறைக்கு அழைத்து வந்த சாகேப், அவிழ்ந்து கிடந்த படகுக் கயிற்றை என்னிடம் நீட்டி, "நீ கட்டப்பா, சமுத்திரத்து ஆள்!" என்றார் இந்தியில்.

"எங்க ஊர்ல புள்ளைங்களுக்குத் தொட்டிலே தோணிதான்" என்று மாமா வேறு அவிழ்த்துவிட்டார்.

நான் எருமையைக் கட்டுவதுபோல் கட்டினேன். படியிலிருந்த வளையத்தோடு ஒட்டவைத்து, ஒரு சாண்கூடத் தொய்வு விடாமல், மிச்சக் கயிறு முழுவதையும் முடிச்சாகப் போட்டேன்.

சாப்பிட உட்கார்ந்ததும் மழை பிடித்துக்கொண்டது. அவர்கள் இருவரும் ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார, நான் மட்டும் ஆற்றைப் பார்த்தபடி இருந்தேன். மேற்கே மலையில் காலையிலிருந்தே மழையாம். தண்ணீர் ஒரு படி ஏறியது. இன்னொரு படி ஏறியது. படகு மட்டும் ஏறவில்லை. மூக்கைப் பிடித்துக் கட்டிவைத்தால் அது எப்படி ஏறும்? முன்பக்கம் வழியாகத் தண்ணீர் உள்ளே புகுவதைப் பார்த்தேன். ஓடிப்போய் அவிழ்க்கலாம்தான். போட்ட முடிச்சு எனக்கே அவிழ்க்கத் தெரியாது.

சட்டென்று எழுந்தேன். "சாகேப், சாரல் அடிக்குது. நம்ம தாழ்ப்பாள் எப்படி நிக்குதுன்னு பாருங்க!" என்று ஜன்னலைச் சாத்தி, தாழ்ப்பாளை முஷ்டியால் குத்தி இறக்கினேன்.

அறை இருண்டது. சாகேப் குதூகலமாக வந்து தள்ளினார், இடித்தார். "சாபாஷ்! இப்போ திற."

திறக்கவில்லை. புது மரம் மழையில் ஊதியிருந்தது. நானும் மாமாவும் சேர்ந்து இழுத்தோம். "இருங்கள், நான் வெளியிலிருந்து தள்ளுகிறேன்" என்று குடையோடு போனார் சாகேப். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் காலடிச் சத்தம் நின்றது.

"அரே! மேரி நாவ்!"

தன் படகைச் சொல்கிறார். ஓடினோம். படகைக் காணோம். தண்ணீருக்கடியில் வளையமும் விறைத்த கயிறும் என் முடிச்சும் மங்கலாகத் தெரிந்தன. மாமா என்னைப் பார்த்த பார்வையில் ரயில் டிக்கெட்டே தெரிந்தது. ஜமீலாவை நினைத்து எனக்கு அழுகை வந்துவிட்டது.

சாகேப் கயிற்றைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். "படகு முழுகியும் முடிச்சு விடவில்லை. மூன்று பேர் மல்லுக்கட்டியும் தாழ்ப்பாள் விடவில்லை. எனக்கு இதுதான் வேண்டும். இருபதுக்கும் போடுங்கள்" என்றார். பிறகு என்னைக் காட்டி, "இவன் மட்டும் என் படித்துறைப் பக்கம் வரக் கூடாது."

நிக்காஹ் முடிந்த மூன்றாம் நாள், அன்றைக்கு ஜன்னலை ஏன் சாத்தினேன் என்பதை ஜமீலாவிடம் உளறிவிட்டேன். இன்றும் மழைக்கு நான் ஜன்னலைச் சாத்த எழுந்தால், பிள்ளைகள் முன்னால் அவள் கேட்பாள்: "சாத்துறது இருக்கட்டும். வெளியில என்ன முழுகுது, அதை மொதல்ல சொல்லுங்க."