கடைசி அத்தியாயத்தை யாரும் படிக்கவில்லை, சித்தி

என் பிரியத்துக்கும், அம்மா காதில் விழாத இடங்களில் என் மரியாதைக்கும் உரிய சித்திக்கு,

அக்கா மகள் எழுதிக்கொண்டது. இங்கே நான் நலம். அம்மா, பல்லைத் தவிர, நலம். அப்பா எதையும் கவனிக்காததால் எப்போதும்போல நலம். அங்கே உங்கள் உடம்பும் தூக்கமும் எழுத்தும் சீராக இருக்கும் என்று நம்புகிறேன்.

நேரே உங்கள் கேள்விக்கு வருகிறேன். இரண்டாம் பதிப்புக்குக் கடைசி அத்தியாயத்தை மாற்றச் சொல்லிப் பதிப்பாளர் நச்சரிக்கிறார், நாயகி அக்கா வீட்டு வாசல் வரை போய்க் கதவைத் தட்டாமல் திரும்புவது வாசகர்களுக்குப் பொறுக்கவில்லையாம், கதவு திறந்து இரண்டு பேரும் கட்டிக்கொண்டு அழ வேண்டுமாம், மாற்றட்டுமா வேண்டாமா, நாலு பேரைக் கேட்டு எழுது, நீ சொல்வதைத்தான் செய்யப்போகிறேன் என்று எழுதியிருந்தீர்கள். பூசி மெழுகாதே என்றும் எழுதியிருந்தீர்கள். பூசவில்லை, மெழுகவில்லை.

நீங்கள் அனுப்பிய பிரதியை வீட்டில் வைக்க எனக்குத் தைரியம் இல்லை. புனைபெயருக்குப் பின்னால் இருப்பது நீங்கள் என்று இங்கே எனக்கு மட்டும்தான் தெரியும். ஆறாம் அத்தியாயத்தில், பெட்டியோடு வந்து நிற்கும் தங்கைக்குக் காபி கொடுத்துவிட்டுச் சாயங்காலமே அவளைப் புருஷனோடு திருப்பி அனுப்பிவைக்கிறாளே ஒரு அக்கா, அவள் யார் என்று அம்மாவுக்குத் தெரிந்தால், இப்போது பேசாமல் மட்டும் இருக்கும் நீங்கள் இருவரும் அதற்குமேல் என்ன ஆவீர்கள் என்று எனக்குத் தெரியாது. அன்று அந்தக் காபியைக் கொண்டுவந்தவள் நான். அதனால் புத்தகத்தை நான் வேலை பார்க்கும் பல் மருத்துவமனைக்கு எடுத்துப்போய், காத்திருப்பவர்கள் மேஜையில் போட்டேன். எங்கள் டாக்டருக்குச் செல்பேசிச் சத்தம் ஆகாது, உள்ளே வருகிறவர்கள் எல்லோரும் போனை என் மேஜைத் தட்டில் வைத்துவிட்டுத்தான் உட்கார வேண்டும். சுவரில் இருப்பது ஈறு நோய்ப் படம் ஒன்றுதான். அதைப் பார்க்கப் பயந்தே எல்லோரும் உங்கள் நாவலைக் கையில் எடுக்கிறார்கள்.

இதில் நான் கண்டுபிடித்தது என்னவென்றால், சித்தி, உங்கள் நாயகி நல்லவளா கெட்டவளா என்பது அவரவர் பல்லைப் பொறுத்தது. பல் பிடுங்க வருகிறவர்கள் ஒரே நாள்தான் வருகிறார்கள், மூன்றாம் அத்தியாயத்துக்குள் பெயரைக் கூப்பிட்டுவிடுகிறேன், அதற்குள் அவள் புருஷனுடைய இஸ்திரி போட்ட சட்டைகளுக்கெல்லாம் ஒழுங்காகப் பட்டன் போட்டு ஒவ்வொன்றாக வாளித் தண்ணீரில் முக்கிவைத்துவிடுகிறாள். அதோடு உள்ளே போகிறார்கள், வாயில் பஞ்சோடு வெளியே வந்து, அவளுக்குத் திமிர் என்று பஞ்சுக்குள்ளிருந்தே தீர்ப்புச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். ரூட் கேனல் ஆட்கள் நாலைந்து தடவை வருகிறார்கள். அவர்கள் எட்டாம் அத்தியாயம் வரை போய், அந்த மனிதன் அவளிடம் மாதக்கணக்கில் ஒரு வார்த்தை பேசாமல், காலர் சரியில்லை என்று சட்டையைக் கீழே போட்டு மட்டும் காட்டுவான் என்பதைத் தெரிந்துகொண்டு, ஐயோ பாவம் என்கிறார்கள். பல்லுக்குக் கம்பி போட்ட கல்லூரிப் பெண் ஒருத்தி மாதாமாதம் வருகிறாள். சட்டையை மட்டும் முக்கினாளே, ஆளை விட்டுவிட்டாளே என்பதுதான் அவளுடைய குறை.

போன மாதம் இந்த மூன்று கட்சியும் ஒரே நேரத்தில் வந்து உட்கார்ந்துவிட்டன. ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர், கடைவாய்ப்பல் பிடுங்க வந்தவர், புத்தகத்தை மடியில் தட்டி, "இத எழுதினது ஆம்பளதான். ஒரு பொம்பள இப்படிப் பொம்பளைய எழுத மாட்டா," என்றார்.

"ஏன் சார், நீங்க எத்தன பக்கம் படிச்சீங்க?" என்றாள் கம்பிப் பெண்.

"முப்பது பக்கம். சோறு வெந்துதான்னு பாக்கப் பானையையே காலி பண்ணணுமாம்மா?"

"அப்ப நீங்க பல்லையும் ஒண்ணப் பாத்துட்டு வாயே சரியில்லன்னு சொல்வீங்க."

வாத்தியார் அவளைப் பார்த்த பார்வையில், அவள் அவரிடம் படித்திருந்தால் பெஞ்சு மேல் ஏறியிருப்பாள். அந்த நேரம் பார்த்து, மரத்துப்போக ஊசி போட்டுக்கொண்ட வக்கீல் ஒருவர் உள்ளேயிருந்து வந்து உட்கார்ந்தார். ரூட் கேனல், மூன்றாவது தடவை. தொழில் பழக்கம், சும்மா இருக்க முடியவில்லை, எழுந்து நின்று கையை நீட்டி, "அஹ மேல ஹப்பே இஹ்ல," என்று ஆரம்பித்துப் பத்து நிமிஷம் வாதாடினார். பாதி வாய் அவருடையதாக இல்லை. முடித்ததும் வாத்தியார், "பாருங்க, சட்டம் தெரிஞ்சவரே என் பக்கம்," என்றார். கம்பிப் பெண் கை தட்டினாள். டாக்டர் உள்ளேயிருந்து, "நானும் அதத்தான் சொல்றேன்," என்று குரல் கொடுத்தார். அவர் புத்தகத்தின் அட்டையை மட்டும் பார்த்திருக்கிறார். ஆனால் இந்த ஊரிலேயே நாவலைப் பற்றி அதிகம் பேசியிருப்பவர் அவர்தான், எதிரே இருப்பவர்கள் எல்லோரும் வாயைத் திறந்து வைத்திருப்பதால் யாரும் மறுப்பதில்லை.

ஒரே ஒரு விஷயத்தில்தான் எல்லாக் கட்சியும் ஒற்றுமை. அந்த அக்கா. படித்தவர்கள் படிக்காதவர்களுக்குச் சொல்லி, அந்த அக்காவை வறுத்தெடுக்கிறார்கள். கல் நெஞ்சு, பொறாமை, சொந்தத் தங்கையைத் துரத்தினவள் என்று. அன்றும் அதில்தான் சமாதானமானார்கள். நான் தலை நிமிரவில்லை, ஏனென்றால் மூலை நாற்காலியில் கன்னத்தைப் பிடித்தபடி அம்மா உட்கார்ந்திருந்தாள்.

ஆமாம் சித்தி, அம்மாவுக்கும் ரூட் கேனல். வேறு மருத்துவமனைக்குப் போகலாம் என்று எவ்வளவோ சொன்னேன், மகள் வேலை பார்க்கும் இடம் இருக்கும்போது ஊர்க்காரன்கிட்ட எதுக்கு வாயத் திறக்கணும் என்றுவிட்டாள். முதல் நாளே புத்தகத்தை எடுத்தாள். நான் பயத்தில் இரண்டு பேருக்குப் பெயர் மாற்றிக் கூப்பிட்டேன். ஆறாம் அத்தியாயம் வரை போனாள், மூடிவைத்தாள். போன மாதம் இவர்கள் அக்காவை வறுக்கும்போதுதான் கன்னத்திலிருந்து கையை எடுத்தாள்.

"ஆளாளுக்கு அவள ஏசுறீங்களே, அன்னிக்கு அவ வீட்டுல என்ன நெலமன்னு யாருக்காவது தெரியுமா?"

"அது புத்தகத்துல இல்லையேம்மா," என்றார் வாத்தியார்.

"எழுதலன்னா இல்லைன்னு ஆயிடுமா?"

"விடைத்தாள்ல இல்லாததுக்கு எப்படிம்மா மார்க் போடறது?"

அம்மா மறுபடி கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள். வீட்டுக்குப் போகும் வழியில் என்னிடம், "இனி அந்தப் புத்தகத்த நான் தொட மாட்டேன். எழுதினவன் ஒரு பாத்திரமாவது கழுவியிருப்பானா," என்றாள். எழுதினவன் என்றுதான் சொன்னாள், அதைக் கேட்டு எனக்கு உயிர் வந்தது. அதன்பிறகு புத்தகம் பக்கமே அவள் திரும்புவதில்லை. ஆனால் ரூட் கேனல் முடிந்தும் பல் கூச்சம் மட்டும் நிற்கவில்லை. டாக்டர், "உங்கம்மா பல்லுல ஒண்ணுமே இல்லம்மா, மூணு தடவ பாத்துட்டேன், இருந்தும் கூசுதுங்கறாங்க," என்று தலையைச் சொறிகிறார். வயதானால் இப்படித்தான் போல. வந்தால் சும்மா இருப்பதில்லை, "நீ போய் நிதானமா சாப்பிட்டு வா, மேஜைய நான் பாத்துக்கறேன்," என்கிறாள். அவளுக்கு என்மேல் வந்திருக்கும் இந்தத் திடீர்ப் பாசத்துக்குக் காரணம் தெரியவில்லை. வேண்டாம் என்று சொல்லவும் மனம் இல்லை.

இப்போது தீர்ப்பு. கடைசி அத்தியாயத்தைப் பற்றி இங்கே எல்லோருக்கும் அபிப்பிராயம் இருக்கிறது. தட்டியிருக்கணும் என்கிறார்கள், தட்டாததுதான் ரோஷம் என்கிறார்கள், டாக்டர் கதவையே உடைத்திருக்க வேண்டும் என்கிறார். ஆனால் கடைசி அத்தியாயத்தை யாரும் படிக்கவில்லை, சித்தி. அந்த அளவுக்குச் சொத்தைப்பல் இந்த ஊரில் எவருக்கும் இல்லை. கம்பிப் பெண்ணும் பாதியில் நிறுத்தி மறுபடி முதலிலிருந்து வருகிறாள், சட்டை முக்கும் இடத்துக்காக. புத்தகத்தின் கடைசிப் பக்கங்கள் இன்னும் ஒன்றோடொன்று ஒட்டினாற்போல இருக்கின்றன. அதனால் பதிப்பாளர் கேட்பதைக் கொடுத்துவிடுங்கள். கதவு திறக்கட்டும், இரண்டு பேரும் அழட்டும். எப்படியும் வாசல் வரை வந்து திரும்பும் அந்த இரண்டாவது வருகை நீங்கள் கற்பனை செய்ததுதானே. படிக்காத அத்தியாயத்தை மாற்றினால் யாருக்கு என்ன? அம்மாவுக்கு ஒருபோதும் தெரியப்போவதில்லை, அதுவே எனக்குப் போதும்.

உங்கள் ஆசி எனக்கு வேண்டும், உங்களுக்கு நல்ல தூக்கம் வேண்டும், இரண்டையும் கடவுளோ பதிப்பாளரோ யாராவது தரட்டும். உறை வாங்கி வரும்வரை இந்தக் கடிதத்தை உங்கள் நாவலின் கடைசி அத்தியாயத்துக்குள் செருகிவைத்துவிட்டுச் சாப்பிடப் போகிறேன். இதைவிடப் பத்திரமான இடம் இங்கே கிடையாது.

என்றும் உங்கள் பக்கம் நிற்கும்,
அக்கா மகள்

பி.கு.: இத எழுதறது உன் அக்கா. அடுத்தவங்க கடுதாசியப் படிக்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. ஆனா நான் பல் கூசுது பல் கூசுதுன்னு நடந்து, இவ சாப்பிடப் போற நேரமாப் பாத்துப் படிச்சு, இன்னிக்குக் கடைசி அத்தியாயத்துக்கு வந்தா, அது நடுவுல இதக் கொண்டுவந்து செருகி வச்சிருக்கா. கதையோட சேந்ததுன்னு நெனச்சுப் படிச்சுட்டேன். பக்கம் ஒட்டினாற்போல இருக்காம், நான் எச்சில் தொட்டுப் புரட்டறதில்ல, அவ்வளவுதான். எழுதினது நீதான்னு எனக்கு மூணாம் அத்தியாயத்துலயே தெரியும். தண்ணியில முக்கப்போற சட்டைக்குப் பட்டன் போடறவ உலகத்துலயே நீ ஒருத்திதான்.

கடைசி அத்தியாயத்த மாத்தாத. கதவு தொறக்கல, அதுதான் நெசம். கற்பனைங்கறா இவ, சின்னப் பொண்ணு. ஆனா நீ வாசலுக்கு அந்தப் பக்கத்த மட்டும் எழுதிருக்க. அன்னிக்கு நான் கதவுக்கு இந்தப் பக்கம் நின்னுட்டிருந்தேன்டி. உன் செருப்புச் சத்தம் எனக்குத் தெரியாதா? நீ தட்டுவன்னு நான் நின்னேன், நான் தொறப்பேன்னு நீ நின்ன. அதையும் சேத்து எழுது. அந்த வாத்தியார் எனக்கு எத்தன மார்க் போடறாருன்னு பாக்கறேன். அக்கா குண்டுன்னு எழுதிருக்கறத மட்டும் எடுத்துடு.

கடுதாசிய நானே தபால்ல போடறேன். இவகிட்டச் சொல்லாத, கொஞ்ச நாள் தேடட்டும்.

வந்தா தட்டு. பெல்லு ரிப்பேரு.