வாளி அக்காவும் புள்ளிச்செடியும்

எந்த அறையாக இருந்தாலும் ஐந்தாவது ஆளை உள்ளே விடமாட்டேன் என்று மறித்து நிற்கும் ஒரே மனுஷி இந்தப் பூலோகத்திலேயே எங்கள் வாளி அக்காதான். அந்த ஐந்தாவது ஆள் சம்பளம் கொடுக்கிற முதலாளியாக இருந்தாலும் அதே நிலைமைதான்.

நான் சிவகாசியில் ஒரு காலண்டர் கம்பெனியில் கணக்கு பார்க்கிறவன். அக்கா எங்கள் ஆபீஸில் வாசலையும் டீயையும் பார்த்துக்கொள்ள வந்தார். அதற்கு முன்பு தாயில்பட்டிப் பக்கம் பட்டாசு ஆலையில் பல வருஷம் மருந்து அடைத்தவர். பட்டாசுக்குள் போகிற ரசாயனத்துக்கு எங்கள் பக்கத்தில் மருந்து என்றுதான் பேர். அக்கா பட்டாசை விட்டு வந்தாரே தவிர, பட்டாசு ஆலையின் சட்டதிட்டம் அவரை விடவில்லை. அங்கே ஓர் அறையில் நாலு பேருக்கு மேல் வேலை செய்யக் கூடாது. வேலைக்குச் சேர்ந்த அன்றே ஆபீஸ் வாசலில் இரண்டு சிவப்பு வாளிகள் வந்து உட்கார்ந்தன. ஒன்றில் தண்ணீர், ஒன்றில் மணல்.

உள்ளே வருகிறவர்கள் முதலில் வாசல் கம்பியைத் தொட வேண்டும். உடம்பில் இருக்கும் மின்சாரம் இறங்குவதற்காம்.

"கம்பியத் தொட்டீகளா?"

"எதுக்கும்மா? நான் காலண்டர் ஆர்டர் குடுக்க வந்திருக்கேன்."

"நல்லாக் குடுங்க. தொட்டுட்டுக் குடுங்க."

உரசினால் பொறி கிளம்பும் நைலான் சட்டையைப் பளபளவென்று போட்டு வந்த ஒரு பேப்பர் வியாபாரியை, "இம்புட்டு வயசாச்சு, பருத்திச் சட்டை ஒண்ணு இல்லையா?" என்று கேட்டு வெளியிலேயே உட்கார வைத்தார். ஒருநாள் முதலாளியின் அறையில் நாலு பேர் காத்திருக்க, முதலாளியே காரில் வந்து இறங்கினார். அக்கா கதவை மறித்துக்கொண்டு, "செத்த நில்லுங்க மொதலாளி, ஒருத்தரு வெளிய வரட்டும். ரூமுக்கு நாலு பேருதான்" என்றார். முதலாளி தன் சொந்த அறைக்கு வெளியே கைகட்டி நின்றதை நான் இந்தக் கண்ணால் பார்த்தேன்.

இப்படிப்பட்ட இடத்துக்குத்தான் அந்த டிஃபன்பேக்கியா என்ற அழகுச்செடி வந்து சேர்ந்தது. ஆபீஸைப் புதுப்பித்து ஏசி மாட்டியபோது முதலாளியின் மருமகள் கொண்டுவந்து வைத்தது. அகலமான பச்சை இலை, நடுவில் பால் தெளித்த மாதிரி வெள்ளைப் புள்ளிகள். பேர் வாயில் நுழையவில்லை என்று அக்கா அதைப் புள்ளிச்செடி என்றார். நாங்களும் அப்படியே சொல்லிப் பழகிவிட்டோம்.

வந்த கொஞ்ச நாளிலேயே இலை ஓரமெல்லாம் பழுப்பாகிக் கருகியது. ஏசிக் காற்று நேராக அதன் தலையில் அடித்துக்கொண்டிருந்தது. சரி என்று வாசல்படிக்கு மாற்றினோம். நம்ம ஊர் வெயிலைப் பற்றி அதற்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை போலிருக்கிறது, ஒரே மத்தியானத்தில் இலை வெளிறிப்போனது. பிறகு முன்னறை ஜன்னலுக்குப் பக்கத்தில், வெளிச்சம் படும், வெயில் படாத மூலையில் வைத்தோம். அங்கே நிம்மதியாக இருக்கும் என்று பார்த்தால், அடி இலைகள் ஒவ்வொன்றாக மஞ்சளாகி விழத் தொடங்கின.

இதற்குக் காரணம் சாட்சாத் அக்காதான். காய்ந்த எதைக் கண்டாலும் அவருக்குப் பதறும். ஆலையில் கோடை நாளில் தரைக்குத் தண்ணீர் தெளித்துத் தெளித்துப் பழகிய கை அது. தொட்டி மண் மேலாக உலர்ந்தால் போதும், ஒரு சொம்பு ஊற்றிவிடுவார். தொட்டியோ வழவழவென்ற பீங்கான், அடியில் ஓட்டை கிடையாது. ஊற்றிய தண்ணீர் எங்கே போகும்?

நான் செல்போனில் தேடிப் படித்துக் காட்டினேன். "தண்ணி கூடிப்போனா இலை மஞ்சளாகுமாம்க்கா. விரலை மண்ணுக்குள்ள விட்டுப் பாத்து, காஞ்சிருந்தாத்தான் ஊத்தணுமாம்."

"தண்ணி யாருக்கு என்ன கெடுதல் பண்ணுச்சு தம்பி?" என்றார் அக்கா. சொல்லிக்கொண்டே இன்னொரு சொம்பு.

முதலாளி ஒருநாள் செடியைப் பார்த்து முகம் சுளித்தார். ஆடிப் பதினெட்டன்றுதான் எங்கள் ஊரில் பூஜை போட்டு, அடுத்த வருஷத்துக் காலண்டர் மாதிரிகள் அடங்கிய ஆல்பத்தை வெளியிடுவோம். ஏஜெண்டுகள் ஊர் ஊராக வந்து குவிவார்கள். "ஏம்மா, அதுக்குள்ள இது தேறலைன்னா குப்பையில போட்டுட்டு ஒரு பிளாஸ்டிக் செடி வாங்கிருவோம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்றைக்கு அக்கா யாரையும் கம்பியைத் தொடச் சொல்லவில்லை. செடிக்குப் பக்கத்தில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார். "ஒரு செடிக்குப் போயி இம்புட்டு யோசனையாக்கா?" என்று நான்தான் வாயைக் கொடுத்தேன்.

"செடியோ கொடியோ, என் பொறுப்புல விட்டிருக்காகல்ல" என்றார். பிறகு அவராகவே சொன்னார். "ஆலையில அன்னைக்கு ரூமுல நாலு பேரு இருந்தாக. நான் அஞ்சாவது. போர்மேன் வெளிய நில்லுன்னாரு, நின்னேன். புகையப் பாத்துட்டு வாளியத் தூக்கிட்டு ஓடுனேன் தம்பி. அடியில ஒரு கை தண்ணிதான் கெடந்துச்சு."

இத்தனை நாள் அந்த வாளியைக் கேலி செய்து சிரித்த நான், எழுந்துபோய் அதில் தண்ணீர் விளிம்புவரை இருக்கிறதா என்று பார்த்தேன்.

மறுநாள் செடியின் தண்டை அழுத்திப் பார்த்தேன். அடிப்பக்கம் கொழகொழத்திருந்தது, நாற்றம் வேறு. இனியும் செல்போனை நம்பிப் பயனில்லை என்று தோன்றியது.

"அக்கா, அலுமினியப் பவுடர் கலந்த மருந்துல தண்ணி பட்டா என்ன ஆகும்?"

"ஆத்தாடி! உள்ளுக்குள்ளயே சூடேறிப் பத்திக்கிரும். மழைச்சாரல் அடிச்சாலே கதவச் சாத்திருவோம்."

"இந்தச் செடியும் அந்த ரகந்தான். ஈரம் தங்குனா வேரு உள்ளுக்குள்ளயே வெந்துபோகும்."

அக்கா சொம்பைக் கீழே வைத்தார். "இத மொதல்லயே சொல்லித் தொலைக்கிறதுக்கென்ன?" என்று என்னையே திட்டினார்.

அதன்பிறகு ஆபீஸில் நடந்தது அறுவைச் சிகிச்சை. செடியைப் பிடுங்கினால் வேர் கறுத்து அழுகியிருந்தது. மேல்தண்டு மட்டும் கெட்டியாக இருந்தது. பேப்பர் வெட்டும் கத்தியால் நான் அதைத் தனியாக வெட்டினேன். வெட்டிய இடத்தில் சாறு கசிந்து கையில் பட்டு, அரிப்பு உயிரை எடுத்தது.

"மருந்து வேலைக்கு வெறுங்கையோட வரலாமா? நல்லா சோப்புப் போட்டுக் கழுவுங்க. வாயில கீயில வச்சிராதீக."

அது உண்மைதான். வாயில் பட்டால் நாக்கு வீங்கிப் பேச்சே வராதாம். இதைக் கேட்ட முதலாளி, "கணக்குப்பிள்ளைக்கு ஒரு துண்டு குடுத்துப் பாப்பமா?" என்றார்.

வெட்டிய தண்டை அக்கா பழைய காலண்டர் தாளில் கிடத்தி, முனை உலரும்வரை நிழலில் வைத்தார். மருந்தைக் காயவைத்த கைக்கு இதெல்லாம் சொல்லித்தர வேண்டியதில்லை. ஓட்டை போட்ட மண்சட்டியும் செம்மண்ணும் வந்தன. ஈரம் தங்காமல் இருக்க மணல் கலக்க வேண்டும். மணலுக்கு எங்கே போவது?

எல்லோரும் சிவப்பு வாளியைப் பார்த்தோம். ஆயுத பூஜைக்கு அதில் ஊதுபத்தி குத்தி வைத்த டிரைவர் வாங்கிய வசவு எல்லோருக்கும் ஞாபகம் இருந்தது. அக்காவும் பார்த்தார். பிறகு அவரே குனிந்து இரண்டு கையாலும் மணலை அள்ளினார்.

"சாயங்காலத்துக்குள்ள வாளிய நெரப்பிரணும் தம்பி" என்றார். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. நான் டிரைவரோடு போய் மணல் கொண்டுவந்து, வாளி வழிய வழியக் கொட்டினேன்.

அதற்குப் பிறகு அக்கா விரலை மண்ணுக்குள் விட்டுப் பார்க்காமல் ஒரு சொட்டு ஊற்றியதில்லை. செடிக்கு முன்னால் "அபாயம். தொடாதீர்" என்று அட்டை தொங்கியது. மிச்ச டீயைத் தொட்டியில் ஊற்றும் ஏஜெண்டுகளும் அதோடு அடங்கினார்கள்.

ஆடிப் பதினெட்டும் வந்தது. பூஜைக்காகச் செடி இருக்கும் முன்னறையில் முதலாளி, இரண்டு ஏஜெண்டுகள், ஆல்பத்தோடு நான். ஜன்னல் மூலையில் செடி, உச்சியில் சுருட்டிய காலண்டர் போல ஒரு புது இலை. முதலாளி அதைப் பார்த்துவிட்டு, "பிளாஸ்டிக் வேண்டாம், இதுவே இருக்கட்டும்" என்றார். பிறகு வாசலைப் பார்த்து, "ஏம்மா, நீயும் உள்ள வந்து கும்பிடு" என்று கூப்பிட்டார்.

அக்கா படியிலேயே நின்றார். "நாலு பேரு இருக்கீகளே மொதலாளி."

நான் ஆல்பத்தை மேஜையில் வைத்துவிட்டு வெளியே வந்தேன். அக்கா கம்பியைத் தொட்டுவிட்டு உள்ளே போய், செடிக்குப் பக்கத்தில் நின்று கும்பிட்டார்.

இப்போது அவர் விருதுநகரில், நர்ஸாக இருக்கும் மகளோடு இருக்கிறார். செடி ஜன்னல் உயரம் வளர்ந்துவிட்டது, ஒரே பக்கம் சாயாமல் இருக்க அவ்வப்போது சட்டியைத் திருப்பி வைக்கிறேன். வாளி இரண்டும் வாசலில் நிறைந்தே இருக்கின்றன. எப்போதாவது அக்கா பஸ் ஏறி எங்களைப் பார்க்க வருவார். வாசலில் நின்று தலைகளை எண்ணத் தொடங்குவார். அவர் எண்ணி முடிப்பதற்குள் நான் எழுந்து வெளியே வந்துவிடுவேன்.