மாடி அறையில் ஒரு கப்பல் கடிகாரம்

இந்தக் குளிர்காலம் என் மனைவியின் அக்கா கெசையாவை வீட்டுக்குள் விடுவதில்லை என்று சபதம் எடுத்தேன். போன வருஷம் 'ரெண்டு நாள் இருந்துட்டுப் போறேன்' என்று வந்தவர், ஈஸ்டர் விருந்து சாப்பிட்டுத்தான் கிளம்பினார்.

நான் லண்டன் கிளர்க்கன்வெல்லில் கப்பல் கடிகாரம் செய்பவன். நடுக்கடலில் மாலுமிக்கு வழி சொல்லும் கடிகாரம். ஊருக்கெல்லாம் சரியான நேரம் தருகிறேன். வீட்டில் எனக்குத்தான் நேரம் சரியில்லை.

பட்டறையிலிருந்து ஒரு காலிக் கடிகாரப் பெட்டியைப் பூட்டிக் கொண்டுவந்து, மாடியில் விருந்தாளி கட்டிலின் நட்டநடுவில் வைத்தேன்.

"டார்கஸ், இது கிரீனிச் வானாய்வுக்கூடத்துச் சோதனைக்குப் போற கடிகாரம். அசையக் கூடாது. மெத்தை மேலதான் இருக்கணும். இந்த ரூம்ல யாரும் தங்க முடியாது. உங்க அக்காகிட்ட சொல்லிடு."

"அதுக்குக் குளிர் ஆகுமாங்க?"

"ஆகவே ஆகாது. கணப்பு எரிஞ்சுக்கிட்டே இருக்கணும்."

"அப்ப கூடவே ஒரு ஆள் வேணுமே?"

"பின்னே?" என்றேன். அங்கேதான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

"செஞ்சவரைவிட யாரு நல்லாப் பாத்துக்குவாங்க? நீங்க இங்க படுங்க. அக்கா என்கூடப் படுத்துக்கட்டும்."

"கட்டில்லதான் கடிகாரம் இருக்கே?"

"தரை இருக்கே."

கெசையா வந்து இறங்கினார். என் கட்டில், என் தலையணை, என் கம்பளி எல்லாம் அவருக்கு. எனக்குப் பலகைத் தரை. சுங்கானைப் பற்றவைத்தால், "கடிகாரத்துக்குப் புகை ஒத்துக்குமா?" என்று டார்கஸ் கவலைப்படுவாள். கீழே வாத்து வறுபடும் வாசம் வரும். மேலே எனக்கு ஆறிப்போன கஞ்சி வரும். அறை வாசலில் காலடி கேட்டால் நான் நாக்கால் 'டிக் டிக்' என்பேன்.

ஒரு வாரத்தில் இடுப்பு பிடித்துக்கொண்டது. காலையில் சுவரைப் பிடித்துப் பிடித்துக் கீழே இறங்கிப் போய், சாப்பாட்டு மேஜை முன்னால் நின்று அறிவித்தேன்.

"சோதனை முடிஞ்சுது. கடிகாரம் பிரமாதமாத் தேறிடுச்சு. இனி நான் என் கட்டிலுக்கே வந்துடறேன்."

கெசையா நிமிர்ந்தார். "நல்லா இருப்பீங்க தம்பி. ரெண்டு பேரு ஒரு கட்டில்ல நெருக்கியடிச்சுப் படுத்து என் முதுகே போச்சு. நாளைக்கு ஊருக்குப் போயிடலாம்னு மூட்டை கட்டிட்டேன்."

இன்னும் ஒரே ஒரு ராத்திரி பல்லைக் கடித்திருக்கலாம்.

டார்கஸ் அக்காவின் தட்டில் இன்னொரு துண்டு பன்றிக்கறி வைத்தாள்.

"மூட்டையைப் பிரிச்சுடுக்கா. மாடி ரூம்தான் காலியாயிடுச்சே." பிறகு என் பக்கம் திரும்பினாள். "ஏங்க, அந்தப் பெட்டியை நீங்களே இறக்கிடுங்க. இடுப்பு வலிக்குமேன்னு யோசிக்காதீங்க, கனமே இல்ல. முதல் நாளே தூசி தட்டறப்ப தூக்கிப் பாத்துட்டேன்."