அடுத்த அறை மாப்பிள்ளைக்கு, போன் ஒப்பந்தம் விஷயமாக

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மாமனார் மனமார்ந்த ஆசிகளுடன் எழுதுவது. நான் இங்கே சுகம். அங்கே நீங்களும் ஏறக்குறைய சுகம் என்றே நினைக்கிறேன். 'அங்கே' என்பது அடுத்த அறைதான் என்பதால், காலையில் நீங்கள் அடுக்கடுக்காகத் தும்மியது சுவர் வழியாகக் கேட்டது. வெந்நீரில் ஆவி பிடிக்கவும்.

ஒரே கூரைக்குக் கீழே இருந்துகொண்டு கடிதம் எதற்கு என்று நீங்கள் திகைக்கக்கூடும். சண்டை எதுவும் இல்லை. நமக்குள் பேச்சு என்று எடுத்துக்கொண்டால், உங்கள் பக்கம் "வாங்க மாமா", "சாப்டீங்களா மாமா", "சரி மாமா" என்ற மூன்று. என் பக்கம் "ம்", "ஆச்சு மாப்பிள்ளை" என்ற இரண்டு. கல்யாண நாளிலிருந்து இதை வைத்தே இரண்டு பேரும் காலத்தை ஓட்டிவிட்டோம். நீங்களும் கூச்சக்காரர், நானும் கூச்சக்காரன், நடுவில் என் மகள் ஒருத்தி இருந்து இரண்டு பேருக்காகவும் பேசித் தீர்க்கிறாள். எனக்குப் பேச வராதே தவிர எழுத வரும். வேலையில் இருந்த காலம் முழுக்கப் பத்திரம் எழுதிப் பிழைத்தவன் நான். வீடு விற்கிறவர், மனை வாங்குகிறவர், பாகம் பிரிக்கிற அண்ணன் தம்பி எல்லாரும் என் மேஜைக்கு முன்னால் உட்கார்ந்து வாயால் ஆயிரம் சொல்வார்கள். வாசலைத் தாண்டினால் மறந்துவிடுவார்கள். அதனால் எழுத்தில் இல்லாத எதையும் எனக்கு நம்பத் தெரியாது. இந்தக் கடிதத்தில் சொல்ல வேண்டியது இரண்டு விஷயம். முதலாவது நன்றி. இரண்டாவதைக் கடைசியில் சொல்கிறேன், அதைச் சொல்லத்தான் கை வரவில்லை.

நன்றி, அந்தப் புதுப் போனுக்கு. நான் கொண்டுவந்த பட்டன் போன் இந்த நாட்டு டவரோடு ஒத்துப்போகாமல் கடிகாரமாக மட்டும் இருந்துவந்தது உங்களுக்குத் தெரியும். அன்றைக்கு நடக்கப்போன இடத்தில், ஒரே மாதிரி கதவும் ஒரே மாதிரி ஜன்னலுமாக இருக்கிற இந்தத் தெருக்களில் எது நம் வீடு என்று தெரியாமல் யார் வீட்டுக் கதவையோ நான் சாவி போட்டுத் திறக்கப் பார்த்து, உள்ளேயிருந்து நாய் குரைத்து, நான் பயந்துபோய் பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்துவிட, நீங்கள் வேலைக்குப் பாதியில் லீவு போட்டுவிட்டுத் தெருத்தெருவாகக் காரில் தேடி வந்தீர்கள். வேறு யாராவது இருந்தால் நாலு வார்த்தை திட்டியிருப்பார்கள். நீங்கள் கார் கதவைத் திறந்துவிட்டு, "சாப்டீங்களா மாமா?" என்றீர்கள். வீடு வந்து சேரும்போது, "ஒரு போன் வாங்கிடலாம் மாமா" என்றீர்கள். இங்கே வந்த பிறகு உங்களிடம் கேட்ட நாலாவது வாக்கியம் என்று மனதுக்குள் எண்ணிக்கொண்டேன்.

ஏதோ சின்னதாக ஒன்று வாங்கப் போகிறோம் என்று நான் கிளம்பினால், அன்றைக்குத்தான் அந்தப் புது மாடல் கடைக்கு வந்திருக்கிறது, வரிசை கடையை விட்டு வெளியே வந்து பக்கத்து மருந்துக்கடை வாசல் வரைக்கும் நிற்கிறது. கண்ணாடியில் பெரிதாக ஒரு எண் போட்டிருந்தார்கள். கடையின் டெலிபோன் நம்பராக்கும் என்று நினைத்தேன். விலையாம். நமக்கு முன்னால் நின்ற டாக்சி டிரைவர் நாம் தமிழ் பேசுவதைக் கேட்டுத் திரும்பி, "இங்க மட்டும்தாங்க இந்த அநியாயம். மத்த நாட்டுல இதே போன் இதுல முக்கால்வாசி வெலதான். நம்மளப் பாத்தா இளிச்சவாயன்னு எழுதி ஒட்டியிருக்கு போல" என்று பொருமினார். அவருக்கு முன்னால் நின்ற நர்ஸம்மாவும் நம்மவர்தான். "வெலய விடுங்கண்ணே, போன தடவ ஒரு வருஷ கான்ட்ராக்ட் இருந்துச்சு, அத எடுத்துட்டானுங்க. இப்ப ஒண்ணு மாசாமாசம், இல்லன்னா ரெண்டு வருஷம்" என்று திட்டிக்கொண்டே ஒரு அடி முன்னால் எடுத்து வைத்தார். வரிசை முழுக்கவே அப்படித்தான் இருந்தது மாப்பிள்ளை. வாய் வேண்டாம் வேண்டாம் என்கிறது, கால் முன்னால் போய்க்கொண்டே இருக்கிறது.

நம் முறை வந்ததும் கவுண்டரில் இருந்த பச்சைச் சட்டைப் பெண் ஒப்பந்தம் தெரிகிற ஒரு கண்ணாடிப் பலகையை நீட்டிக் கையெழுத்துப் போடச் சொன்னது. படித்துக் காட்டச் சொல்லுங்கள் என்றேன். யாருமே படிப்பதில்லை என்று அது சொன்னதாக நீங்கள் சொன்னீர்கள். இரண்டு தரப்புக்கும் உரக்கப் படித்துக் காட்டாமல் ஒரு பத்திரத்தில்கூட நான் கையெழுத்து வாங்கியதில்லை, போடவும் எனக்கு மனசு வராது என்றேன். நீங்கள் ஒருமுறை திரும்பி அந்த நீள வரிசையைப் பார்த்தீர்கள். அப்புறம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "முதல் ஷரத்து, மாமா" என்று ஆரம்பித்தீர்கள் பாருங்கள், அந்த இடத்தில் என் கண் கலங்கிவிட்டது. ஏசி காற்று என்று சொல்லிச் சமாளித்தேன்.

நான் கேட்டதெல்லாம் கொஞ்சநஞ்சமா? இந்தப் போன் மேல் ஏதாவது வில்லங்கம் உண்டா, ஏற்கெனவே யாருக்காவது அடமானம் வைத்திருக்கிறார்களா, கம்பெனிக்காரரின் வாரிசுகள் பின்னால் வந்து உரிமை கேட்டால் யார் பொறுப்பு, மூலப்பத்திரம் எங்கே என்று ஒன்று விடாமல் கேட்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது, இதெல்லாம் மனைக்குக் கேட்கிற கேள்வி, போனுக்கு இல்லை என்று. நீங்கள் ஒரு இடத்தில்கூடச் சிரிக்காமல் எல்லாவற்றையும் அந்தப் பெண்ணிடம் கேட்டீர்கள். மூலப்பத்திரத்துக்கு அவர்கள் மொழியில் என்ன வார்த்தை போட்டீர்களோ, அது உள்ளே போய் ஒரு காலி அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்து பவ்யமாக நீட்டியது. நான் அதையும் நாலு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, சரியாக இருக்கிறது என்று தலையாட்டினேன்.

அதற்குப் பிறகு நடந்த கலவரத்துக்கு நான்தான் காரணம் என்று என் மகள் சொல்கிறாள். நான் என்ன செய்தேன்? நீங்கள் தமிழில் சொன்னதை, காது சரியாகக் கேட்காததால், சத்தமாக ஒருமுறை திருப்பிச் சொன்னேன். நடுவில் விட்டால் மிச்சத் தவணை மொத்தத்தையும் கட்ட வேண்டும். போன் தொலைந்தாலும் தவணை தொலையாது. அவர்கள் நடுவில் கட்டணத்தை ஏற்றலாம், நாம் நடுவில் இறங்க முடியாது. இதைச் சொன்னதுதான் தாமதம், போனை வாங்கிக்கொண்டு கிளம்பப் பார்த்த டாக்சி டிரைவர் பாய்ந்து வந்து, "ஐயா, இன்னொரு வாட்டி சொல்லுங்க! நடுவுல ஏத்தலாமா? நான் இப்பத்தான கையெழுத்து போட்டேன்!" என்று கத்த, நர்ஸம்மா அதை அவர்கள் மொழியில் மழைக்கோட்டுப் போட்ட ஒரு ஆளிடம் சொல்ல, மழைக்கோட்டு பின்னால் நின்றவர்களிடம் சொல்ல, வரிசை கலைந்து கவுண்டரைச் சுற்றிக் கூட்டமாகிவிட்டது. ஆளாளுக்குப் பலகையைக் காட்டி இது என்ன, அது என்ன என்கிறார்கள். மேனேஜர் ஓடிவந்து நம் இருவரையும் தள்ளாத குறையாக உள்ளறைக்குக் கூட்டிப்போய், நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுத்து, கதவைச் சாத்தினார். வெளியே அத்தனை பேரும் காறித் துப்பாத குறையாகத் திட்டினார்கள். ஆனால் நாம் வெளியே வந்தபோது பார்த்தேனே, மழைக்கோட்டு உட்பட எல்லார் கையிலும் பை தொங்கியது. டாக்சிக்காரர் தன் பெட்டியைத் தடவிக்கொண்டே, "என்ன பண்றதுங்கய்யா, கலர் நல்லா இருக்கு" என்றார்.

அந்த உள்ளறையில்தான் விஷயம் நடந்தது. மாசாமாசமா, இரண்டு வருஷமா என்று அந்தப் பெண் கேட்டதைத் தமிழில் சொன்னீர்கள். நான் தொண்டையைச் செருமி மாசாமாசம் என்று சொல்ல வாயெடுப்பதற்குள், நீங்கள் பலகையிலிருந்து தலையைக்கூட நிமிர்த்தாமல், அந்தப் பெண்ணிடம் அவர்கள் மொழியில் ஏதோ சொன்னீர்கள். என்னிடம் திரும்பி, "ரெண்டு வருஷம் போடச் சொல்லிட்டேன், அதான் மாமா சல்லிசு" என்றீர்கள். நான் அந்தப் பெண் காட்டிய இடத்தில் விரலால் கண்ணாடியில் கையெழுத்தைத் தேய்த்தேன். அது போதாதென்று, போனைத் திறப்பதற்குக் கட்டைவிரலை வை என்றார்கள். எத்தனையோ பேருக்குப் பெருவிரலில் மை தடவிக் கைநாட்டு வாங்கிய எனக்கு, இந்த வயசில் நானே கைநாட்டு ஆனதைப் பற்றி வேறு சமயமாக இருந்தால் ஒரு பாட்டம் அழுதிருப்பேன். அன்றைக்கு என் காதில் இரண்டு வருஷம் என்பது மட்டும்தான் கேட்டுக்கொண்டிருந்தது.

ஏன் என்று சொல்கிறேன். உங்கள் மாமியார் காலமான பிறகு நீங்களே நேரில் வந்து, "கொஞ்ச நாள் எங்களோட வந்து இருங்க மாமா" என்று கூட்டிவந்தீர்கள். கொஞ்ச நாள் என்பதற்குக் கெடு ஒன்றும் சொல்லவில்லை. கெடு இல்லாத ஒப்பந்தத்தில் ஒருவனை உட்காரவைத்தால் அவன் என்ன செய்வான்? பெண்ணைக் கொடுத்த வீட்டில் இப்படி அட்டை மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கிறோமே என்று சாப்பிடும்போதும் கூசுகிறது, குளிக்கும்போது வெந்நீர் கொஞ்சம் கூடுதலாக ஓடினாலும் கூசுகிறது. அப்படி இருக்கிறவனை இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடச் சொன்னால்? சல்லிசு என்பதற்காகச் சொன்னாரா, நான் இருக்க வேண்டும் என்று சொன்னாரா? கடைக்காரன் கொடுத்த விலைத்தாளைச் சமையலறை மேஜையில் வைத்து நாலு தடவை கூட்டிப் பார்த்தேன். இரண்டு வருஷம் சல்லிசே இல்லை மாப்பிள்ளை. போனை ரொக்கமாக வாங்கி, பேசுகிற கட்டணத்தை மட்டும் மாசாமாசம் கட்டுவதுதான் குறைச்சல். கிடங்கில் ஒரு ஆணிப் பெட்டி குறைந்தாலும் கண்டுபிடிக்கிற கணக்கர் நீங்கள். உங்களுக்கா இது தெரியாமல் போகும்? தெரிந்தே, என் மனசு நோகக்கூடாதென்று, சல்லிசு என்று ஒரு பொய்யைச் சொல்லி, என்னை இரண்டு வருஷம் இருக்கவைக்கப் பார்த்திருக்கிறீர்கள். பெற்ற பிள்ளைகூட இத்தனை நாசூக்காகச் செய்யமாட்டான். உங்களுக்கு நான் எப்படி நன்றி சொல்வேன்? இதற்குத்தான் இத்தனை நீளக் கடிதம்.

இனி இரண்டாவது விஷயம். அந்த மனசு எனக்குப் போதும். அதைச் சாக்காக வைத்துக்கொண்டு உங்களுக்கு இன்னும் பாரமாக இருக்க மாட்டேன். குளிர் விட்டதும் நான் ஊருக்குக் கிளம்புகிறேன். வீடு பூட்டிக்கிடக்கிறது, தண்ணீர்க்குழாய் துருப்பிடித்திருக்கும். சட்டைகளைப் பெட்டியில் மடித்து வைத்தாயிற்று. மகளிடம் இன்னும் சொல்லவில்லை, சொன்னால் அழுவாள், அவள் அழுதால் நான் இருந்துவிடுவேன். தயவுசெய்து மறுப்புச் சொல்ல வேண்டாம். டிக்கெட்டுக்கு மட்டும் ஏற்பாடு செய்யவும்.

நீங்களும் என் மகளும் நோய்நொடி இல்லாமல், உத்தியோகத்தில் உயர்ந்து, வாய்விட்டுப் பேசிச் சிரித்து நீடூழி வாழ வேண்டும்.

இப்படிக்கு,
என்றும் கடமைப்பட்ட உங்கள் மாமனார்

பி.கு.: மேற்படி கடிதத்தை நான் மடித்துக்கொண்டிருக்கும்போது நீங்கள் கதவைத் தட்டினீர்கள். பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும் என்றாலும், எழுத்தில் இருக்கட்டும் என்று பதிகிறேன். கையில் விலைத்தாளோடு நின்றீர்கள். "மாமா, ஒரு தப்பு பண்ணிட்டேன். அந்தக் கூச்சல்ல கணக்குப் பாக்காம ரெண்டு வருஷம்னு சொல்லிட்டேன். இப்ப பாத்தா அதுதான் கூட வருது" என்றீர்கள். அதாவது பொய்யும் இல்லை, நாசூக்கும் இல்லை, கூட்டல் பிசகு. இத்தனை பக்கம் நன்றி எழுதியவன் முகம் எப்படிப் போயிருக்கும் என்று பார்த்திருப்பீர்கள். "திருப்பிக் குடுக்க இன்னும் டயம் இருக்கு. மாசாமாசம்னு மாத்திடவா?" என்றீர்கள். "மாத்திடுங்க மாப்பிள்ளை, போற வரைக்கும் அது போதும்" என்றேன். "எங்க போறீங்க?" என்றீர்கள். ஊருக்கு என்றேன். நீங்கள் பெட்டியைப் பார்த்தீர்கள், என்னைப் பார்த்தீர்கள். "வீட்டப் பாக்கணுமா? நான் லீவு போடுறேன், ரெண்டு பேரும் போய்ப் பாத்துட்டு வந்துரலாம்" என்றீர்கள். நான் போகப்போகிறேன் என்பது உங்கள் நினைப்பிலேயே இல்லை என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஆகவே மேலே கண்ட இரண்டாவது விஷயம் ரத்து. முதலாவதும் கணக்குப்படி தப்பு, ஆனால் அது நிற்கட்டும். சட்டைகளை எடுத்து மாட்டிவிட்டேன். ஹேங்கர் நாலு குறைகிறது, கடைக்குப் போனால் வாங்கி வரவும்.