வெள்ளையனுக்குச் சாத்திய சந்தனக்காப்பு

பக்தி முற்றினால் புத்தி மழுங்கும் என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்குப் போக மாட்டேன். ஒரு சித்திரை மாத மத்தியானத்தில் அதை நானே நிரூபித்துவிட்டேன். (முருகன் மன்னித்திருப்பான். குதிரை மன்னிக்கவில்லை.)

அப்போது எனக்குக் கல்யாணமாகி நாலு மாதம். திண்டுக்கல்லில் ஒரு பூசைச் சாமான் கடையில் வேலை. என் மனைவியின் அண்ணன் ரயிலடியில் ஜட்கா ஓட்டினார். வெள்ளையன் என்று ஒரே குதிரை. அவர் வீட்டு ஐந்து வயிறும் அதன் நாலு காலை நம்பித்தான். ஆத்தூரில் ஒரு சாவுக்குப் போக வேண்டி, அதை எங்கள் வீட்டு வேப்பமரத்தில் கட்டிவிட்டுச் சொன்னார்:

"மாப்ளே, வெயில் ஏறுனா மேலைக் குளுர வச்சுக்கங்க. பொழுதுக்குள்ள வாரேன்."

(மேல் என்றால் எங்கள் பக்கம் உடம்பு.)

குளிர வைப்பதா? அம்மனைக் குளிர வைப்பது எப்படி என்று எனக்குத் தெரியாதா! கடையிலிருந்து சந்தனத்தூள் கொண்டுவந்து குழைத்து, காதிலிருந்து வால் வரை அரை விரல் கனத்துக்குச் சாத்தினேன். நெற்றியில் குங்குமம் வேறு. தள்ளி நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

உச்சிப்பொழுதில் நிழல் நகர்ந்தது. சந்தனம் ஓடாகக் காய்ந்தது. வெள்ளையன் தண்ணீரைத் திரும்பியும் பார்க்கவில்லை. விலா துருத்தியாக அடித்தது, கால் தள்ளாடியது.

"ஏங்க, அது செத்துரும் போலருக்கு! எங்கண்ணன் பிள்ளைக சோத்துக்கு என்ன செய்யும்?" என்று மனைவி அழுதாள்.

நான் சூடம் ஏற்றினேன். (இருந்த சூடு போதாதென்று.)

அந்த நேரத்தில் மச்சான் வந்து சேர்ந்தார். பார்த்ததும் தோள்துண்டை வீசி எறிந்தார். மாப்பிள்ளை மரியாதையும் கூடவே போனது.

"ஏலே, கொலகாரா! குதிரைக்கு வேர்த்தாத்தான்டா மேலு குளுரும்! வேர்வைக்கு வழியில்லாமப் பூசி அடைச்சிருக்கியே! இறைடா தண்ணிய!"

நான் கிணற்றில் இறைத்தேன், மனைவி சுமந்தாள், அவர் தேங்காய் நாரால் தேய்த்தார். ஊற்றுவது, கையால் வழித்துவிடுவது, மறுபடி ஊற்றுவது. என் உள்ளங்கை கொப்பளித்து உடைந்தது. 'முருகா, அதை விட்டுவிடு, என்னை எடுத்துக்கொள்' என்றே கயிற்றை இழுத்தேன். வெள்ளையனின் முன்னங்கால் மடிந்தது. மச்சான் அதன் நெஞ்சுக்குத் தோளை முட்டுக்கொடுத்து நின்றார்.

கொஞ்ச நேரம் கழித்து, சந்தனம் போன கழுத்தில் முத்து முத்தாக ஈரம் பொடித்தது. நான் ஊற்றிய தண்ணீரா, வேறா? மச்சான் விரலால் தொட்டு நாக்கில் வைத்தார்.

"உப்புக் கரிக்கிது... வேர்க்குது மாப்ளே!"

போன மரியாதை திரும்பி வந்துவிட்டது. உப்புப் போட்ட தண்ணீரை வெள்ளையன் மொடக் மொடக்கென்று குடிக்கக் குடிக்க, நான் தரையில் உட்கார்ந்து அழுதேன்.

அதன் பிறகு என் நெற்றிச் சந்தனத்தின் வாசனை பட்டால் போதும், ரயிலடியில் வெள்ளையன் சவாரியோடு பின்வாங்கும். அதனால் இன்றுவரை எனக்குத் திருநீறு மட்டுந்தான். வீட்டில் யாருக்காவது காய்ச்சல் என்று நான் பதறி எழுந்தால், என் மனைவி படுத்திருப்பவரிடம் சொல்வாள்:

"சீக்கிரம் வேர்த்துத் தொலைங்க. இவரு சந்தனம் குழைக்கப் போறாரு."