அக்காவின் அலமாரியும் என் கோடிகளும்

காசெல்,
ஞாயிறு மாலை

பாசமுள்ள கெர்லிண்ட் அக்காவுக்கு, தம்பி எக்கெஹார்ட் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் என் வீட்டுக்காரி ஹைட்ரூனும் சுகம். அங்கே அத்தானும், அத்தானைவிட முக்கியமாக உன் முழங்காலும் சுகந்தானே?

அப்பா வீட்டுச் சாமான்களைப் பிரித்தபோது நீ சமையலறை அலமாரியை எடுத்துக்கொண்டாய், நான் பழைய பணநோட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டேன். "காகிதத்தை வெச்சு என்னடா பண்ணுவே?" என்று சிரித்தாய். ஜெர்மனியில் பணம் மதிப்பிழந்து ரொட்டிக்கே கோடிக்கணக்கில் மார்க் கொடுத்த 1923-ஆம் வருஷத்து நோட்டுகள் அல்லவா, சுழியங்களைப் பார்த்து எனக்குத் தலைகால் புரியவில்லை. இன்று சேகரிப்பாளர் சங்கத்தில் காட்ட வேண்டும், கசங்கலாக நாலு பேர் முன்னால் நீட்டினால் நம் மானம் என்னாவது என்று, நேற்றே எல்லாவற்றையும் சோப்புத் தண்ணீரில் அலசி, ஈஸ்டர் மேசை விரிப்புக்குப் போடுகிற மாதிரி கஞ்சி போட்டு, இஸ்திரியும் போட்டுவிட்டேன். சங்கத்தில் விலை மதிப்பவர் ப்ரிங்க்மன். பூதக்கண்ணாடியில் பார்த்தார், முகர்ந்தார், அப்புறம் என்னைப் பார்த்தார்.

"யாருங்க இதைத் துவைச்சது?"

"நான்தாங்க. சுத்தமா இருக்கட்டுமேன்னு..."

"சட்டைக் காலர் மாதிரி வெறைப்பா நிக்குது! துவைச்ச நோட்டை எவனும் தொடமாட்டான். துவைக்காட்டியும் இது ஊரெல்லாம் கிடைக்குது. சுழியத்தை எண்ணி விலை சொல்ல முடியாதுங்க. அத்தனையும் சேர்ந்தா ஒரு துண்டு கேக் வாங்கலாம். உங்க ஊர் தோல் ஆலையில அப்போ கூலிக்குன்னு அவங்களே அச்சடிச்ச பச்சை நோட்டு இருந்தா சொல்லுங்க, ஒண்ணுக்கு முந்நூறு யூரோ நானே தர்றேன்."

பச்சை நோட்டு! சின்ன வயதில் எங்கேயோ கரண்டிகளுக்கு அடியில் பார்த்த ஞாபகம். சரி, அது கிடக்கட்டும்.

அக்கா, திடீரென்று அம்மா ஞாபகம் வந்துவிட்டது. அந்த அலமாரியை நினைத்தால் சாப்பாடே இறங்கமாட்டேன் என்கிறது. உருளைக்கிழங்கு உருண்டை நாலு உள்ளே போச்சே என்று ஹைட்ரூன் சொன்னால் நம்பாதே. இந்த முழங்காலோடு அவ்வளவு பெரிய சாமானை நீ எதற்குத் துடைத்துக்கொண்டு கஷ்டப்படணும்? சனிக்கிழமை வண்டியோடு வந்து தூக்கிக்கொண்டு போகிறேன். பதிலுக்கு என் கோடிகள் அத்தனையும் உனக்கே.

அத்தானுக்கு வணக்கம், பேரப்பிள்ளைகளுக்கு என் ஆசிகள்.

இப்படிக்கு,
எதையும் எதிர்பார்க்காத உன் தம்பி
எக்கெஹார்ட்

பி.கு.: அலமாரியின் கரண்டி இழுப்பறையை நீ காலி பண்ணாதே, நானே வந்து பண்ணிக்கொள்கிறேன். அடியில் விரித்திருக்கும் காகிதத்தைப் பார்க்கவே பார்க்காதே. பார்த்துவிட்டால், பாதிப் பாதி. படித்த கையோடு ப்ரிங்க்மனுக்கு ஃபோன் பண்ணிவிட்டாயானால், எனக்கு மூன்றில் ஒரு பங்கு போதும்.